பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லங்கள்: பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன?

(மூத்தோர் பராமரிப்பு குறித்த கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் பராமரிப்பு என்ற பொருளைக் கட்சிக் கல்வி வகுப்பில் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வினா சிலருக்கு எழக்கூடும். ஆலையும் வயலும் வர்க்கப் போராட்டத்தின் களங்கள், முதியோர் இல்லம் என்பதோ குடும்பத்தின் அல்லது தர்ம ஸ்தாபனத்தின் விவகாரம் என்ற எண்ணம் நம்மிடையேயும் உண்டு. அந்த எண்ணம் தவறானது என்பதை 2020ஆம் ஆண்டு உலகம் முழுவதிலும் மிகக் கொடூரமான முறையில் காட்டிவிட்டது.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் தெருமுனையில் இருக்கும் சிறு தனியார் மருத்துவமனை. நான் பேசப்போவது அதைப் பற்றியல்ல. தாமாக எழவோ, குளிக்கவோ, உண்ணவோ இயலாத முதியோர் நிரந்தரமாகத் தங்கி, இரவும் பகலும் பராமரிப்புப் பெறும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறேன். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவை பல பத்தாண்டுகளாக வளர்ந்து, இன்று பங்குச்சந்தையில் விலை பேசப்படும் தொழிலாக இருக்கின்றன. நம் நாட்டில் இத்தொழில் இப்போதுதான் கால் ஊன்றுகிறது. ஆகவே அங்கே நடந்ததை நாம் படிப்பது அயல்நாட்டுச் செய்தி அறியும் ஆவலினால் அன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. இரண்டே நாட்களில் அமெரிக்க மத்திய அரசு, முதியோர் இல்லங்களுக்குள் பார்வையாளர் எவரையும் அனுமதிக்க வேண்டாம் என்று பணித்தது. மரணப் படுக்கையில் இருப்போருக்கு மட்டுமே விலக்கு. கனடா, பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து என அடுத்தடுத்து எல்லா இடங்களிலும் கதவுகள் அடைக்கப்பட்டன. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் தாயை நோக்கிக் கையசைக்கும் மகளின் புகைப்படங்களை நாம் அனைவரும் அந்நாட்களில் பார்த்தோம்.

இதற்கு அரசுகள் சொன்ன விளக்கம் எளியது. முதியோரைத் தொற்றிலிருந்து காக்க வேண்டுமானால் அவர்களைத் தனிமைப்படுத்தியே ஆக வேண்டும். உயிர் வேண்டுமா, உறவு வேண்டுமா என்றால் உயிரைத்தானே தேர்ந்தெடுக்க முடியும்? தாராளவாத அறிஞர்களும் இதனைத் தீர்வில்லாத அறச்சிக்கலாக விவரித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நமது கேள்வி வேறு. கதவை அடைத்தார்கள், சரி. அடைத்த பிறகு உள்ளே இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்களா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாண்ட் என்ற நகரம் உள்ளது. அந்நாட்டின் முதல் பெரும் தொற்றுப்பரவல் 2020 பிப்ரவரி இறுதியில் அங்கிருந்த ஒரு முதியோர் இல்லத்தில்தான் கண்டறியப்பட்டது. மார்ச் 18 வரையிலான கணக்கின்படி அவ்வில்லத்துடன் தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அவர்களில் 101 பேர் இல்லவாசிகள், 50 பேர் ஊழியர்கள், 16 பேர் பார்வையாளர்கள். தொற்றுக்கு ஆளான இல்லவாசிகளில் மூவரில் ஒருவர் மாண்டார். நோய் எவ்வாறு பரவியது என்று ஆராய்ந்த அரசு மருத்துவ நிபுணர்கள் கண்ட காரணங்களில் இரண்டை நாம் கவனிக்க வேண்டும். நோய்க்குறி தென்பட்ட நிலையிலும் ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள். அதே ஊழியர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தார்கள்.

காய்ச்சலோடு ஒரு தொழிலாளி ஏன் வேலைக்கு வருகிறார்? அமெரிக்காவில் எல்லாத் தொழிலாளர்க்கும் ஊதியத்துடன்கூடிய நோய் விடுப்பை உறுதிசெய்யும் நிரந்தரமான மத்தியச் சட்டம் கிடையாது. வராத நாளுக்குக் கூலி இல்லை. ஏன் இரண்டு இடங்களில் வேலை செய்கிறார்? ஓரிடத்தில் முழுநேர வேலை தந்தால் காப்பீடு, விடுப்பு முதலிய உரிமைகளையும் தர வேண்டியிருக்கும் என்பதால் முதலாளி பகுதிநேர வேலையே தருகிறான். காலையில் ஓர் இல்லம், மாலையில் வேறோர் இல்லம், வார இறுதியில் மூன்றாவது இல்லம் என்று ஓடினால்தான் அந்தப் பெண்ணின் வீட்டு வாடகை கட்டப்படும். மகளுக்கு அடைக்கப்பட்ட கதவு இந்தத் தொழிலாளிக்குத் திறந்தே இருக்க வேண்டியிருந்தது. குறைந்த கூலி போட்டுக்கொடுத்த பாதையிலேயே வைரஸும் இல்லத்துக்கு இல்லம் சென்றது. இதற்குத் தொழிலாளியைக் குற்றம் சாட்டிய பத்திரிகைகளும் அன்று இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அடுத்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். செல்வச் செழிப்பு மிக்க நாடு; பொதுமருத்துவக் காப்பீட்டுக்குப் பெயர் பெற்ற நாடு. ஆனால் முதியோர் பராமரிப்பு அந்தப் பொதுமருத்துவத்தின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஒன்டாரியோவில் 600க்கும் மேற்பட்ட நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் லாப நோக்கில் நடத்தப்படுபவை. அரசு மக்கள் வரிப்பணத்தில் நிதி வழங்கும், நிறுவனம் அதிலிருந்து லாபம் எடுத்துக்கொள்ளும் என்பதே ஏற்பாடு. ஒவ்வொரு இல்லவாசிக்கும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 2.25 மணி நேரப் பராமரிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றிருந்த விதியையும் 1990களில் மைக் ஹாரிஸ் தலைமையிலான கன்சர்வேடிவ் அரசு நீக்கியது. அதே ஹாரிஸ் பதவியிலிருந்து விலகிய பின் முதியோர் இல்லங்களை நடத்தும் பெரும் நிறுவனம் ஒன்றின் இயக்குநர் குழுத் தலைவரானார். முதலாளித்துவ அரசு யாருடைய நிர்வாகக் குழு என்று விளக்க நமது வகுப்புகளில் உதாரணம் தேடுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கொரோனாவின் முதல் அலையில் கனடாவில் மாண்டவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள். பணக்கார நாடுகளுக்குள்ளேயே இது மிக மோசமான விகிதம். நிலைமை கைமீறியபோது ராணுவத்தின் மருத்துவப் பிரிவினர் இல்லங்களுக்குள் அனுப்பப்பட்டார்கள். ஒன்டாரியோவின் ஐந்து இல்லங்களில் தாங்கள் கண்டதை அவர்கள் எழுதிய அறிக்கை 2020 மே 26 அன்று வெளியானது. கரப்பான் பூச்சிகளும் ஈக்களும் மொய்த்த அறைகள், வாரக்கணக்கில் குளிப்பாட்டப்படாத முதியோர், மலம் படிந்த துணியோடு கிடந்தவர்கள், உதவி கேட்டு நெடுநேரம் அழுதும் ஒருவரும் வராத நிலை, காலாவதியான மருந்துகள். தொற்றுள்ளவரின் அறையிலிருந்து அதே பாதுகாப்பு உடையோடு தொற்றில்லாதவரின் அறைக்குள் ஊழியர்கள் சென்றார்கள். துடைக்கும் துணியும் மருத்துவப் பொருள்களும் அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. செலவாகிவிடும் என்பதால் அவற்றைப் பயன்படுத்த ஊழியர்கள் அஞ்சினார்கள் என்று ராணுவ அறிக்கையே பதிவு செய்கிறது. இதை எழுதியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர்.

அதே மாகாணத்தில் மருத்துவ ஆய்வாளர்கள் மற்றொன்றையும் கண்டறிந்தார்கள். தொற்று நுழைவதில் லாப நோக்கு இல்லங்களுக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; சுற்றுப்புறத்தில் நோய் மிகுந்திருந்தால் எந்த இல்லத்திலும் நுழைந்தது. நுழைந்த பிறகு எத்தனை பேருக்குப் பரவியது, எத்தனை பேர் மாண்டனர் என்பதில்தான் வேறுபாடு. லாப நோக்கு இல்லங்களில் இரண்டும் கூடுதலாக இருந்தன. பெருநிறுவனச் சங்கிலிகளின் உடைமையும், ஓர் அறையில் நால்வரைக் கிடத்தும் பழைய கட்டடங்களும் இதற்குப் பெரும் காரணங்கள். புதிய கட்டட விதிகள் வந்து இருபது ஆண்டுகள் ஆகியும், இடித்துக் கட்டுவதற்கு லாபத்திலிருந்து பணம் எடுக்க மனமில்லாதவர்கள், பெருந்தொற்று ஆண்டிலும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கத் தவறவில்லை.

இப்போது தனிமைக்கு வருவோம். பார்வையாளர் என்ற சொல்லே இங்கு ஏமாற்றுச் சொல். நாள்தோறும் இல்லத்துக்கு வந்த மகளோ, மனைவியோ, மருமகளோ வெறுமனே பார்த்துவிட்டுப் போகவில்லை. சோறு ஊட்டினார், தண்ணீர் குடிக்க வைத்தார், புரட்டிப் படுக்க வைத்தார், தலை வாரினார், படுக்கைப்புண் தோன்றியதை முதலில் கண்டு செவிலியரிடம் சொன்னார். மறதி நோய் முற்றியவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்குத் திரும்பிவிடுவது உண்டு. டொராண்டோ நகரத்து இல்லங்களில் உள்ள தமிழ், பஞ்சாபி, சீன மொழி பேசும் முதியோருக்குத் தாகம் எடுக்கிறது என்பதை அறியவே குடும்பத்தினர் ஒருவர் அருகில் தேவைப்பட்டார். இது உழைப்பு. பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. கூலி இல்லாத உழைப்பு. எந்த இல்லத்தின் வரவு செலவுக் கணக்கிலும் ஏறாத உழைப்பு. நான்கு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேரை மட்டும் வைத்து இல்லங்கள் ஓடியதென்றால், மீதியை இவர்கள்தான் தாங்கினார்கள்.

2020 மார்ச்சில் ஒரே நாளில் இந்த உழைப்பு முழுவதும் வெளியேற்றப்பட்டது. அதன் இடத்தில் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. இருந்த ஊழியர்களிலும் பலர் நோயுற்றார்கள், சிலர் அஞ்சி வேலையை விட்டார்கள். கியூபெக் மாகாணத்தில் மாண்ட்ரியால் அருகே, மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கிய தனியார் இல்லம் ஒன்றிலிருந்து ஊழியர்கள் பெருமளவில் வெளியேறிய பின், சில வாரங்களுக்குள் 31 முதியோர் இறந்தது தெரியவந்தது. அத்தனை பேரும் கொரோனாவினால் மட்டும் இறக்கவில்லை. தாகமும் கவனிப்பின்மையும் அங்கே கொன்றன.

பல இல்லங்களில் தனிமை என்பதன் பொருள் அறைக்குள்ளேயே மூன்று வேளை உணவு, கூட்டாக உண்ணுதல் இல்லை, நடைபாதையில் நடப்பதில்லை, முகமூடிக்குப் பின்னால் தெரியும் கண்களைத் தவிர வேறு முகம் இல்லை என்பதே. நடக்கக் கூடியவர்கள் சில மாதங்களில் நடக்க இயலாதவர்களானார்கள். மறதி நோயுள்ளவர்களுக்குப் பிள்ளைகளின் முகம் மறந்தது. கலக்கமடைந்து கத்தியவர்களுக்கு என்ன மருத்துவம் கிடைத்தது தெரியுமா? ஒன்டாரியோ இல்லங்களில் மனப்பிறழ்வுக்குத் தரும் மருந்துகளும் மனச்சோர்வு மருந்துகளும் எழுதித் தரப்படுவது பெருந்தொற்றுக் காலத்தில் அதிகரித்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. பேச ஆள் இல்லாத இடத்தில் மாத்திரை தரப்பட்டது.

ஆக, கதவை அடைத்ததனால் உயிரும் காக்கப்படவில்லை, உறவும் மிஞ்சவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்ற அரசுகளின் வாதம் இங்கேயே உடைந்துபோகிறது. தொற்று பரவியதற்கும் தனிமை கொன்றதற்கும் காரணம் ஒன்றுதான்: போதிய ஆட்கள் இல்லை, இருந்தவர்களுக்கு வாழத்தக்க கூலி இல்லை.

“இதெல்லாம் பின்னர் பார்த்துச் சொல்வது, அந்த நெருக்கடியில் வேறென்ன செய்திருக்க முடியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. வேறு வழி அன்றே இருந்தது. மார்ச் 20 அன்று எல்லா இல்லங்களையும் அடைத்த நெதர்லாந்து, மே 11 அன்று 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு இல்லவாசிக்கும் நிலையான ஒரு பார்வையாளரை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடனிருந்து கண்காணித்தார்கள். அந்தத் தொடக்க வாரங்களில் பார்வையாளரால் புதிய தொற்று எதுவும் ஏற்படவில்லை. ஒருவருக்கு ஒருவர் என்று வரையறுத்து, முகக்கவசமும் பயிற்சியும் தந்தால், பார்வையாளரும் தொற்றுத் தடுப்பில் பங்கேற்கக் கூடியவரே.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கதை நமக்கு இன்னும் முக்கியமானது. அங்கே 2002இல் அன்றைய அரசு ஒரு சட்டம் இயற்றி, மருத்துவத் துறைத் தொழிலாளர்களின் கூட்டு ஒப்பந்தப் பிரிவுகளை ரத்து செய்து, வேலைகளைத் தனியார் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், வேலை இழந்தனர். அதே வேலைக்குக் குறைந்த கூலியில் திரும்பி வந்தனர். சங்கங்கள் ஐந்தாண்டு வழக்காடின. 2007இல் கனடா உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்து, கூட்டுப் பேர உரிமை அரசமைப்பின் பாதுகாப்புப் பெற்றது என்று அறிவித்தது. ஆயினும் சிதறிய கூலி விகிதங்கள் சிதறியே கிடந்தன. 2020இல் ஒரு தொழிலாளி ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்ற உத்தரவை அம்மாகாணம் மார்ச் இறுதியிலேயே பிறப்பித்தபோது, அதை வெறும் தடையாக விடவில்லை. எந்த இல்லத்தில் வேலை செய்தாலும் ஒரே அளவு கூலி கிடைக்குமாறு அரசு நிதி கொடுத்து உயர்த்தியது. தொற்றுத் தடுப்பு விதி ஒன்று கூலி உயர்வு இல்லாமல் நடைமுறைக்கு வராது என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. ஒன்டாரியோவும் ஏப்ரலில் ஒரே இல்ல விதியைக் கொண்டுவந்தது. ஆனால் ஏஜென்சி மூலம் அனுப்பப்படும் தற்காலிகத் தொழிலாளர்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதை. முதல் அலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் இல்லங்கள் பெருமளவு தப்பியதற்குக் கூடுதல் பராமரிப்பு நேரம், ஒற்றை அறைகள், லாப நோக்கற்ற உடைமை, முறையான ஆய்வு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் காரணங்களாகக் குறிப்பிட்டுள்ளனர்.

இங்கிலாந்தைப் பற்றி ஒரு வரி போதும். மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்வதற்காக 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஒரு மாதத்தில் ஏறத்தாழ 25,000 பேர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், பலர் பரிசோதனையின்றி; அந்தக் கொள்கை சட்டவிரோதமானது என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவர்கள் வழக்கைக் காண வரவில்லை. ஒன்டாரியோ அரசோ வழக்கு வருவதற்கு முன்பே முந்திக்கொண்டது. 2020 நவம்பரில், கடுமையான அலட்சியம் என்று நிரூபித்தாலன்றி இல்லங்கள் மீது கொரோனா தொடர்பாக வழக்குத் தொடர முடியாது என்று சட்டமே இயற்றிவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். இவர்களில் இல்லங்களில் வாழ்பவர்கள் மிகச் சிலரே. அதனால் நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். இங்கே பராமரிப்பு இல்லம் என்பது மருமகளின் முதுகு. 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு அடைக்கப்பட்டபோது, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் ‘முதியோரைத் தனி அறையில் வையுங்கள்’ என்ற அறிவுரை யாருக்காக எழுதப்பட்டது?

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 19ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் வகையில் மாநில அரசுகள் இல்லங்களை ‘நிறுவலாம்’ என்கிறது. நிறுவ வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகளைத் தண்டிக்கும் பிரிவுகளில் மட்டும் இந்தத் தயக்கம் இல்லை. இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளையும் பதிவு செய்து தரம் வரையறுக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. பெருந்தொற்று வந்து போன பிறகும் நிறைவேற்றப்படாமல், 17ஆவது மக்களவையோடு காலாவதியானது. ஒன்றிய அரசு 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்குத் தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அது அசையவில்லை. மறுபுறம் கோயம்புத்தூர், புனே, பெங்களூரு என்று மூத்தோர் குடியிருப்புகள் விளம்பரத்தோடு எழுகின்றன. முதியோரில் பணமுள்ளவரைச் சந்தைக்கும் பணமற்றவரைக் குடும்பத்துக்கும் ஒதுக்கும் ஏற்பாடு இது.

கேரளத்தில் முதியோரின் விகிதம் நாட்டின் சராசரியைவிட வெகு அதிகம்: 2011இல் நாட்டில் 8.6 சதவீதம், அங்கே 12.6 சதவீதம். அங்கே இடது ஜனநாயக முன்னணி அரசு ‘மறுதலைத் தனிமைப்படுத்தல்’ என்ற பெயரில் முதியோரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது உண்மை. ஆனால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி, 2008இல் மாநிலக் கொள்கையாக ஏற்கப்பட்டு, ஊராட்சிதோறும் பரவியிருந்த நோய்த்தணிப்புப் பராமரிப்பு வலைப்பின்னல் இருந்தது. செவிலியரும் ஆஷா ஊழியரும் படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குச் சென்றார்கள். சமுதாயச் சமையலறையிலிருந்து உணவு போயிற்று. ஓய்வூதியம் கூட்டுறவு வங்கி ஊழியர் வழியே வீட்டு வாசலுக்கு வந்தது. 2021 ஏப்ரலில் அது மாதம் 1,600 ரூபாயாக உயர்ந்தது. பின்னர் வந்த அலைகளில் கேரளத்திலும் முதியோர் பெருமளவில் இறந்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. எனினும், வீட்டைவிட்டு வெளியே வராதே என்று சொல்லும் அரசு, வீட்டுக்குள் ஒருவரை அனுப்பவும் கடமைப்பட்டது என்ற கொள்கை அங்கே நடைமுறையில் இருந்தது.

அந்த வேலையைச் செய்த ஆஷா ஊழியர்களுக்கு நாடு முழுவதும் ஒன்றிய அரசு கொரோனாப் பணிக்காக அளித்த கூடுதல் ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். பாதுகாப்பு உபகரணமும் தொழிலாளர் என்ற அங்கீகாரமும் கேட்டு 2020 ஆகஸ்ட் 7, 8 தேதிகளில் திட்டப் பணியாளர்கள் அகில இந்திய வேலைநிறுத்தம் செய்தார்கள். முதியோர் உரிமைக்கான போராட்டம் என்று அதை அன்று யாரும் அழைக்கவில்லை. நாம் அழைத்திருக்கலாம்.

நமது கோரிக்கைகளை இந்த இடத்திலிருந்துதான் வகுக்க வேண்டும். மாவட்டந்தோறும் பொது இல்லம் என்பது சட்டக் கடமையாக வேண்டும். தனியார் இல்லங்களில் ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரப் பராமரிப்பு என்பது விதியாக எழுதப்பட வேண்டும். ஒன்டாரியோ அரசே இத்தனை சாவுக்குப் பின் நான்கு மணி நேரம் என்ற இலக்கைச் சட்டத்தில் எழுதியது. ஏஜென்சி மூலம் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அழைத்து வரப்படும் பராமரிப்புப் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் நோய் விடுப்பும் சங்க உரிமையும் வேண்டும். எத்தகைய ஊரடங்கிலும் ஒவ்வொரு இல்லவாசியும் தாம் பெயர் குறிப்பிடும் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். முகக்கவசமும் பரிசோதனையும் அவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். செல்வ வரியை 2015இல் ரத்து செய்தபோது அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் அவர்கள்.

இன்று மாலை கலைந்து செல்லுமுன் ஒரு வேலை. உங்கள் கிளைக்கு உட்பட்ட பகுதியில் எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன, யார் நடத்துகிறார்கள், இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், அவர்களின் மாதக் கூலி என்ன, 2020 மார்ச்சுக்கும் அடுத்த ஆண்டு இறுதிக்கும் இடையே அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். நிர்வாகியிடம் கேட்டால் விடை வராது. சமையல்கார அம்மாவையும் இரவுப்பணிப் பெண்ணையும் கேளுங்கள். அடுத்த வகுப்பு அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்கும்.